இரண்டு கழிவுகள்

கழிவு என்றால் நமக்கு லாபம் என்பது ஆடித் தள்ளுபடியில் நான் கற்ற பாடம். அதனால் தல்லாகுளம் வீட்டுக்கு வந்த ஏஜெண்டு, "பத்து லட்சத்துக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ், டிடக்டிபிள், அதாவது கழிவு, மூன்று லட்சம் ஸார்!" என்றதும் மகிழ்ந்து ரொக்கமாகவே எண்ணிக் கொடுத்தேன். பிரிமியம் ஏன் இத்தனை மலிவு என்று கேட்கத் தோன்றவில்லை. கதை எழுதுகிறவனுக்கு அவ்வளவுதான் சாமர்த்தியம்!

2024-இல் மனைவிக்கு ஆபரேஷன். பில் ரூ. 2,80,000. கம்பெனி கொடுத்தது பூஜ்யம். வருஷச் செலவில் முதல் மூன்று லட்சம் நம் தலையில். அதற்கு மேற்பட்டதுதான் அவர்கள் பொறுப்பாம். அடியில் வேறொரு பாலிஸி வைத்திருப்பவருக்கே அது உதவும். தாலிச் சங்கிலி அடகுக்குப் போயிற்று.

வருமான வரியிலாவது கழிவு கிடைக்காதா என்று ஆடிட்டரிடம் ஓடினேன். 1961-ஆம் வருஷச் சட்டத்தின் 80டி பிரிவுப்படி, அறுபது வயதுக்குட்பட்ட எங்களுக்கு ரூ. 25,000 வரை பிரிமியத்தை வருமானத்தில் கழிக்கலாம் என்றார். இந்தக் கழிவு நிஜமாகவே நம் பக்கம்!

"செக்கில்தானே கட்டினீர்கள்?"

"ரொக்கம்."

பேனாவை மூடிவிட்டார். ரொக்கத்துக்குச் சலுகை இல்லை. புது வரித் திட்டத்தில் எப்படிக் கட்டினாலும் இல்லை.

"என்ன சொன்னார்?" என்று வாசலிலேயே கேட்டாள் மனைவி. கழுத்தில் மஞ்சள் கயிறு.

"காப்பி கொடு, சொல்கிறேன்" என்றேன்.