சிறு துணிப்பட்டை பேசும் மொழி

பேரப்பிள்ளைகளுக்குப் பனியன் வாங்கும் பொருட்டு அண்மையில் திருப்பூர் சென்றிருந்தேன். இரயில் நிலையத்தை அடுத்துள்ள காதர்பேட்டையில் கால் வைத்ததுமே கண்கள் திகைத்தன. கடைக்கு மூன்று பலகைகள். பலகைக்கு நான்கு வண்ணங்கள். மொத்த விற்பனை, சில்லறை விற்பனை, தள்ளுபடி என ஒவ்வொரு சொல்லும் அடுத்ததை இடித்துக்கொண்டு நின்றது. நான் தேடிச் சென்ற கடையின் பெயரோ அவ்வெழுத்துக் காட்டினுள் மறைந்து கிடந்தது. அதன் வாயிலை இருமுறை கடந்து சென்றுவிட்டேன். முடிவில் தேநீர் விற்பவர் ஒருவர் விரல் நீட்டிக் காட்டினார். அத்தனை பலகைகளும் சொல்லாததை ஒரு விரல் சொல்லிற்று!

கடைக்காரர் ஏற்றுமதிக்கெனத் தைத்த சட்டை ஒன்றை விரித்தார். உட்புறத் தையலில் விரலகலத் துணிப்பட்டை ஒன்று. அதில் நீர்த்தொட்டி, முக்கோணம், சதுரம், இஸ்திரிப் பெட்டி, வட்டம் என ஐந்தே குறிகள். தொட்டியினுள் உள்ள எண், துவைக்கும் நீரின் உச்ச வெப்பத்தைக் கூறும். பெட்டியினுள் ஒரு புள்ளி இருப்பின் இளஞ்சூடு. மூன்று இருப்பின் மிகுசூடு. குறியின் மேல் குறுக்குக் கோடுகள் இருப்பின், 'செய்யாதீர்' என்பது பொருள். 1963-ஆம் ஆண்டு பாரிசில் தோன்றிய ஜைனெடெக்ஸ் என்னும் அமைப்பு பரப்பிய இக்குறிகளைப் பல மொழியினரும் ஒன்றுபோலப் படிக்கின்றனர். சுற்றிலும் வெற்றிடம் விட்டமையாலன்றோ அவை தெளிவாகத் தெரிகின்றன!

கோவைக்குத் திரும்பும் பேருந்து அவினாசிச் சாலையில் விரைகையில் துயர நினைவொன்று எழுந்தது. 2017-ஆம் ஆண்டு நவம்பரில், கோவை நகரினுள் இதே சாலையில், விழா ஒன்றிற்கென எழுப்பிய அலங்கார வளைவு நின்ற இடத்தில் நேர்ந்த விபத்தில் இளைஞர் ஒருவர் மாண்டார். அவரைக் கொன்றவர் யார் என வினவும் மூன்றே ஆங்கிலச் சொற்களை எவரோ அச்சாலையின் மீது வெண்ணிறத்தில் எழுதினர். நாடே அதனைப் படித்தது. அவ்விழாவின் வாழ்த்துப் பலகைகளில் இருந்த முகங்களை இன்று நினைவில் வைத்திருப்போர் எத்தனை பேர்?

நம் இல்லத் திருமணத்திற்கும் பங்குத் திருவிழாவிற்கும் நாமும் பதாகை கட்டுகிறோம். அதில் இருபது முகங்கள் சிரிக்கின்றன. வருவோர் அறிய வேண்டிய நாளும் நேரமும் மூலையில் ஒடுங்கிக் கிடக்கின்றன. சில வேளை அதுவே சாலைத் திருப்பத்தையும் மறைத்துவிடுகின்றது. அடுத்த முறை அச்சகத்திற்குச் செல்லுமுன், எதனை நீக்கலாம் என்று குடும்பத்தோடு அமர்ந்து எண்ணிப் பார்ப்போமாக. ஐயம் எழுந்தால், அணிந்துள்ள பனியனைத் திருப்பிப் பார்த்தால் போதும். விடை அங்கே தைக்கப்பட்டிருக்கும்.