பெயர் திரும்பியது, மொழி திரும்புமா?

ரஷ்யாவின் புரியாத்தியா குடியரசின் தென்மேற்கு மூலையில், மொங்கோலிய எல்லையை ஒட்டி அமைந்திருக்கிறது ஒக்கின்ஸ்கி மாவட்டம். கிழக்கு சயான் மலைத்தொடரில் சுமார் 26,000 சதுர கிலோமீற்றர் பரப்பளவில் விரிந்துகிடக்கும் இந்த மாவட்டத்தில் 2010 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்போது 5,353 பேரே வாழ்ந்தனர். ஏறத்தாழ ஐந்து சதுர கிலோமீற்றருக்கு ஒருவர். அதன் நிர்வாகத் தலைமையகமான ஓர்லிக்கும் ஒரு கிராமமே.

இத்தகைய இடங்கள் செய்திகளில் அடிபடுவது அரிது. ஆனால், ஒக்காவை வெளியுலகம் முற்றிலும் அறியாதிருந்தது என்றும் சொல்வதற்கில்லை. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அலிபேர் என்ற பிரெஞ்சுக்காரர் அங்குள்ள பொத்தகோல் மலையில் உயர்தரக் காரீயத்தை அகழ்ந்தெடுத்தார். ஜேர்மனியின் ஃபேபர் நிறுவனம் அதைக்கொண்டு பென்சில்களைத் தயாரித்தது. பின்னாளில் அராஜகவாதச் சிந்தனையாளராக உலகப் புகழ்பெற்ற குரோபொட்கின் 1865 இல் அங்கு பயணம் செய்து எரிமலைத் தடயங்களை ஆராய்ந்தார். பென்சிலால் எழுதித் தொழில் பழகிய தலைமுறையைச் சேர்ந்தவன் என்பதனாலோ என்னவோ, அந்தக் காரீயத்தின் கதையை விடவும் அந்த மலைகளில் வாழ்ந்த மக்களின் கதையே என்னை அதிகம் சிந்திக்க வைத்தது.

அவர்கள் சோயோட் மக்கள். பனிமான் வளர்ப்பும் வேட்டையுமே அவர்களது மரபுவழி வாழ்க்கை. துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த அவர்களது மொழி, தங்களைச் சூழ்ந்து வாழ்ந்த புரியாத் மக்களின் மொழிக்கு மெல்ல மெல்ல இடம்கொடுத்து ஒதுங்கியது. சோவியத் ஆட்சியில் அவர்கள் ஒரு தனி இனமாகக் கணக்கிடப்படவில்லை, புரியாத்களாகவே பதியப்பட்டனர். இலாபமற்றது என்று கூறி 1963 இல் பனிமான் வளர்ப்பும் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. எவரும் நாடுகடத்தப்படாமலேயே ஒரு மக்கள் கூட்டம் அரசாங்கப் பதிவேடுகளில் இருந்து மறைந்துபோனது.

சோவியத் ஒன்றியத்தின் வீழ்ச்சிக்குப் பிறகு நிலைமை மாறியது. 1990 களில் பனிமான்கள் மீண்டும் கொண்டுவரப்பட்டன. 2000 ஆம் ஆண்டில் ரஷ்ய அரசாங்கம் சோயோட்களைச் சிறு எண்ணிக்கையிலான பூர்வீக மக்களில் ஒன்றாக அங்கீகரித்தது. 2002 குடிசன மதிப்பீட்டில் 2,769 பேர் தங்களைச் சோயோட்கள் என்று பதிந்தனர். 2010 இல் அந்தத் தொகை 3,608 ஆக உயர்ந்தது. எட்டு வருடங்களில் ஏற்பட்ட இந்த அதிகரிப்பைப் பிறப்பு வீதத்தினால் மாத்திரம் விளக்கிவிட முடியாது. பூர்வீக மக்களுக்குரிய உரிமைகளும் சலுகைகளும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால், சொல்ல வாய்ப்பில்லாதிருந்த ஒரு பெயரைச் சொல்வதற்கான துணிவும் அதில் கலந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

மொழியின் விடயம் அவ்வளவு எளிதானதல்ல. மொழியியலாளர் வலன்டீன் ரஸ்ஸாதின் சோயோட் மொழிக்கு எழுத்துமுறையொன்றை 2001 இல் உருவாக்கினார்; 2003 இல் அவரது அகராதி வெளியானது. பாடசாலையிலும் அம்மொழி கற்பிக்கப்படுகிறது. ஆனால், அடுப்படியிலும் மந்தைவெளியிலும் பேசப்படாத மொழியை வகுப்பறை மாத்திரம் எவ்வளவு காலத்துக்குத் தாங்கிநிற்கும்?

ஒரு மக்களின் பெயரை அரசாணையொன்றினால் அழிக்கவும் முடியும், திருப்பிக்கொடுக்கவும் முடியும். பனிமான்களை அயல் மலைகளில் இருந்து ஓட்டிவரவும் முடியும். பாட்டி பேரப்பிள்ளைக்குச் சொல்லாமல் விட்ட சொற்களை எந்த அரசாணையினாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. சிறிய மொழிகளைப் பேசும் மக்கள் எங்கிருந்தாலும் ஒக்காவின் அனுபவத்தில் இருந்து கற்றுக்கொள்ள வேண்டியது இதுவேயாகும்.