மகாராஜா வாடகைக்கு விட்ட மைதானம்

தொரப்பள்ளி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ராஜாஜி ஞாபகம்தான் வரும். 1878 டிசம்பர் 10 அன்று அவர் பிறந்த வீடு இங்கே நினைவில்லமாக இருக்கிறது. ஆனால் இந்த ஊரில் வளர்ந்து, ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போன எங்களில் சிலருக்கு மனசு கிடந்தது பெங்களூரு அரண்மனை மைதானத்தில். சென்னை எங்களுக்கு முந்நூறு கிலோமீட்டர், பெங்களூரு நாற்பது. காவிரிப் பிரச்னையில் எல்லையோடு பஸ் நின்றுபோகும் நாட்களை விட்டால், அத்திப்பள்ளியைத் தாண்டியதும் அந்த உலகம் எங்களுக்கும் சொந்தம்.

என்ன உலகம் அது! 2001-ல் டீப் பர்ப்பிள் வந்தார்கள். 2002-ல் ரோஜர் வாட்டர்ஸ். 2003 ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன்ஸ் இந்தியாவில் முதன்முதலாக மேடை ஏறியது அந்த மைதானத்தில்தான். 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டனும் அப்படியே. 2011 அக்டோபரில் மெட்டாலிகாவின் டெல்லிப் பக்கத்துக் கச்சேரி, கூட்டம் தடுப்பை உடைத்ததில் ரத்தாகிவிட்டது. இரண்டு நாள் கழித்து, 30-ம் தேதி, பெங்களூரில் வாசித்தார்கள்.

அன்றைக்குப் போன பஸ்ஸில் பாதிப் பேர் கறுப்பு டீ-ஷர்ட். சில்க் போர்டு நெரிசலில் வண்டி நகராமல் நின்றபோது யாரோ சீட்டுக் கம்பியில் தாளம் போட ஆரம்பித்தார்கள், பஸ்ஸே சேர்ந்துகொண்டது. மைதான வாசலில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள், தண்ணீர் பாட்டிலின் மூடியைப் பிடுங்கிக்கொண்டார்கள். ‘ஸ்வல்ப ஹிந்தே ஹோகி’ என்று காவலாளி தொண்டை கிழியக் கத்தினார்; பின்னால் போகத்தான் ஒருவரும் தயாராக இல்லை. என் பக்கத்தில் ஒரு மென்பொருள் கம்பெனிக்காரர், அந்தப் பக்கம் எங்கள் லைன் ஃபிட்டர் அண்ணன். டபுள் பாஸ் டிரம் விழுந்ததும் அண்ணன் என் காதருகே வந்து, ‘டேய், நம்ம பிரஸ் ஷாப்பு மாதிரியே இருக்குடா’ என்றார். அதைவிட நல்ல இசை விமர்சனத்தை நான் இன்றுவரை படித்ததில்லை. முடிந்த பிறகு பஸ் கிடையாது. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்து விடியவைத்து, காதில் இரைச்சலோடு நேராக முதல் ஷிப்ட்டுக்குப் போனோம்.

அந்த மைதானத்தின் கதை எங்கள் ஊரையும் லேசாகத் தொட்டுச் செல்கிறது. அரண்மனையைக் கட்டத் தொடங்கியவர் கேரட் என்ற பாதிரியார். சென்ட்ரல் காலேஜாகப் பின்னாளில் வளர்ந்த பள்ளியின் முதல் முதல்வர் அவர். அந்தக் கல்லூரியில்தான் ராஜாஜி படித்தார். 1873-ல் அரண்மனை மைசூர் அரச குடும்பத்தின் கைக்கு வந்தது. கடைசியாக ஆட்சி செய்த ஜெயசாமராஜேந்திர உடையார் கர்நாடக இசையில் கிருதிகள் இயற்றியவர். ரஷ்ய இசையமைப்பாளர் மெட்னரின் இசை பதிவாகப் பணம் கொடுத்தவர். மெட்னர் தன் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை அவருக்கே காணிக்கையாக்கினார். உடையார் அறுபதுகளில் சென்னை ராஜ்யத்துக்குக் கவர்னராகவும் இருந்தார். அவருடைய மகன் ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் காலத்தில்தான் அந்தப் புல்வெளியில் எலெக்ட்ரிக் கிடார் ஏறியது.

அயர்லாந்தில் இதே மாதிரி ஒருவர் இருந்தார். ஆங்கிலோ-ஐரிஷ் பிரபு ஹென்றி மவுன்ட் சார்ல்ஸ். பாயின் ஆற்றங்கரையில் ஸ்லேன் கோட்டை அவருடையது. 1976-ல் பொறுப்பேற்றபோது கோட்டையைக் காப்பாற்றவே பணம் போதவில்லை. 1981-ல் கோட்டைக்கு முன்னால் இருந்த சரிவில் தின் லிஸி குழுவைப் பாட வைத்தார். அன்று துணைக்கு வாசித்த இளம் குழு யூ2. அடுத்த ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ். 1991-ல் கோட்டை தீப்பிடித்து எரிந்தது. பத்து ஆண்டு பாடுபட்டு எழுப்பினார். 2019-ல் மெட்டாலிகாவும் அங்கே வாசித்தார்கள். 2025 ஜூனில் அவர் காலமானார்.

இரண்டு பேரும் தர்மத்துக்குச் செய்யவில்லை. அங்கே கூரையைக் காக்கக் காசு வேண்டியிருந்தது. இங்கே 1996-ல் கர்நாடக அரசு அரண்மனையை எடுத்துக்கொள்ளச் சட்டம் போட, குடும்பம் கோர்ட்டுக்குப் போனது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் பல்லாண்டு நடந்தது. கல்யாணத்துக்கும் கண்காட்சிக்கும் விட்டதுபோல ராக் கச்சேரிக்கும் மைதானத்தை வாடகைக்கு விட்டார்கள். வாடகையாகவே இருக்கட்டும். நகரத்து நடுவில் அவ்வளவு பெரிய வெட்டவெளியைக் கூறுபோட்டு விற்காமல் வைத்திருந்ததால்தான் தொரப்பள்ளிப் பையன் ஒருவன் மெட்டாலிகாவைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2012-ல் கன்ஸ் அண்ட் ரோசஸ் வந்தபோது மேடை பெங்களூரின் வடகோடியில் பாரதீய சிட்டிக்குப் போய்விட்டது. 2013 டிசம்பர் 10 அன்று, ராஜாஜி பிறந்த அதே தேதியில், ஸ்ரீகண்டதத்த உடையார் மாரடைப்பில் இறந்தார். 2025-ல் கோல்ட்ப்ளே நவி மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் வந்தார்கள், கன்ஸ் அண்ட் ரோசஸ் மறுபடி மும்பைக்கு வந்தார்கள். அதற்கெல்லாம் ஷிப்ட் மாற்றிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட முடியாது. இப்போது பெங்களூரிலிருந்து எங்களுக்குத் தவறாமல் வந்து சேர்வது தென்பெண்ணையில் மிதந்து கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் ரசாயன நுரைதான்.

அந்த மைதானத்துக்காக ஏங்கும்போது ராஜாவுக்காக நான் ஏங்கவில்லை. கம்பெனி ஷூவில் சேறு அப்ப, மேனேஜரும் ஃபிட்டரும் ஒரே இடத்தில் நின்று கத்த ஓர் இடம் இருந்ததே, அதற்காகத்தான். ஓசூர் மாநகராட்சியாகிவிட்டது. 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று 2024-ல் அறிவித்தார்கள். தொழிற்பேட்டைக்கும் மனைப்பிரிவுக்கும் நிலம் போய்க்கொண்டே இருக்கிறது. அதில் ஓர் இருபது ஏக்கரை ஷெட்டும் பிளாட்டும் போடாமல் மைதானமாக விட்டுவையுங்கள். கேட்க ஆள் வருமா என்று கவலைப்பட வேண்டாம். மூன்று ஷிப்ட்டிலும் ஆள் இருக்கிறது.