நொடிக்குப் பன்னிரண்டு

மூன்றரை நிமிட அனிமேஷன் படத்தைப் பார்த்து முடிக்க மூன்றரை நிமிடம் போதும். அதை வரைந்து முடிக்க எவ்வளவு நேரமாகும் என்பது எளிய கணக்கு. திரையில் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. கையால் வரைகிறவர்கள் பெரும்பாலும் ஓர் ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்கு வைத்துக்கொள்வார்கள். ஆக, நொடிக்கு 12 ஓவியங்கள். மூன்றரை நிமிடம் என்பது 210 நொடி, 2,520 ஓவியங்கள். எனக்கு ஒரு மணி நேரத்தில் ஆறு ஓவியங்கள் வரும், அதுவும் கை வலிக்காத நாளில். அப்படியானால் 420 மணி நேரம். கதை யோசித்தது, ஸ்டோரிபோர்டு போட்டது, ஸ்கேன் செய்தது, வண்ணம் கொடுத்தது, ஒலி சேர்த்தது எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

அனிமேஷனுக்குத் திறமை வேண்டும், கற்பனை வேண்டும், பொறுமை வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள். நேரம் வேண்டும் என்று யாரும் தனியாகச் சொல்லவில்லை. அது எல்லோரிடமும் ஒரே அளவில் இருப்பதாக நினைத்திருக்கலாம். சென்னைக் கல்லூரி ஒன்றில் என் இறுதியாண்டுப் படத்தை எடுத்த 2019-இல், அது அப்படி இல்லை என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டே தெரிந்துகொண்டேன்.

அந்தக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டுவிட்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. தொலைக்காட்சிகள் நாள் முழுக்க ரயிலைக் காட்டின. எங்கள் விடுதி மெஸ்ஸில் சமைத்த அக்காவுக்கு ரயில் ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு லாரி எப்போது வரும் என்பதுதான் கேள்வி. சில நாள் இரவு பதினொன்றுக்கு வரும், சில நாள் விடிகாலை நான்குக்கு வரும். வரும் நேரம் தெரியாததால் தூக்கத்தையும் வேலையையும் அதற்கேற்ப வளைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வரிசையில் நின்றவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் பெண்கள், கொஞ்சம் சிறுமிகள். அக்கா மெஸ்ஸுக்கு அரை மணி தாமதமாக வந்த காலைகளில் வார்டன் மேடம் கடிகாரத்தைக் காட்டிப் பேசுவார். அக்கா பதில் சொல்லாமல் அடுப்பைப் பற்றவைப்பார்.

என் படத்துக்கான கதை அங்கேதான் கிடைத்தது. ஒரு பெண் வரிசையில் காத்திருக்கிறாள். குடம் நிறைகிறது. தூக்கிக்கொண்டு வீடு வரை நடக்கிறாள். அவ்வளவுதான்.

நடையை வரைவது அனிமேஷன் மாணவர் எல்லோருக்கும் அரிச்சுவடி. ‘வாக் சைக்கிள்’ என்போம். இரண்டு அடிகளை வரைந்து அதையே திரும்பத் திரும்ப ஓட்டலாம். எங்களிடம் சுற்றிவந்த பாடநகல்களில் ஆண் நடைக்குப் பல வகைகள் இருந்தன. சோர்ந்த நடை, கோப நடை, குடிகாரன் நடை, கிழவன் நடை, சிப்பாய் நடை. பெண்ணுக்கு ஒன்றே ஒன்று. பாதங்கள் ஒரே கோட்டில் விழும், இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், கைகள் பூப்போல அசையும். அந்தப் பக்கத்தை மெஸ் அக்காவிடம் காட்டினேன். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். “இவ தண்ணிக்குப் போறவ மாதிரி இல்லையேம்மா. போட்டோ எடுத்துக்கப் போறவ மாதிரி இருக்கா.”

பிறகு மெஸ்ஸிலிருந்த பிளாஸ்டிக் குடத்தை நிரப்பி, கொல்லைப்புறத்தில் எனக்காக நடந்து காட்டினார். கைபேசியில் பதிவுசெய்துகொண்டேன். 15 லிட்டர் தண்ணீர் என்றால் 15 கிலோ. குடம் இருக்கும் பக்கத்து இடுப்பு வெளியே தள்ளி நிற்கிறது, முதுகு எதிர்ப்பக்கம் சாய்கிறது. ஒரு கை குடத்தின் கழுத்தை வளைத்துப் பிடிக்க, இன்னொரு கை காற்றில் விலகி உடம்பைச் சமன் செய்கிறது. கால் உயர எழுவதில்லை. தரையை ஒட்டியே நகர்கிறது. “சேலையக் கொஞ்சம் தூக்கிச் சொருகியிருக்கணும். இல்லாட்டி கால் தட்டும். அதையும் வரைஞ்சுக்க” என்றார். எந்தப் பாடநகலிலும் இல்லாத பாடம் அது.

தாளில் எதற்கும் கனம் கிடையாது. பலூனை வரைந்தாலும் வட்டம், கருங்கல்லை வரைந்தாலும் வட்டம். எது கனமானது என்பது அசையும்போதுதான் தெரியும். சாதாரண நடையில் ஓர் அடி எடுத்துவைக்க அரை நொடி, அதாவது ஆறு ஓவியங்கள். அக்காவின் நடையைப் பதிவில் எண்ணிப் பார்த்தபோது ஓர் அடிக்குப் பத்து ஓவியங்கள் தேவைப்பட்டன. பாதம் தரையில் பதியும் இடத்தில் ஓவியங்கள் நெருக்கமாக வர வேண்டும். அப்போதுதான் முழங்கால் பாரத்தை வாங்குவது கண்ணுக்குத் தெரியும். எங்கள் தொழிலில் கனம் என்பது நேரம்தான். பாரம் சுமக்கிற பெண்ணை வரைய, பாரமில்லாமல் ஒய்யாரமாக நடக்கிற பெண்ணை வரைவதைவிட அதிக உழைப்பு வேண்டும்.

காத்திருப்பதும் அப்படியே. ஒரே ஓவியத்தை அசையாமல் வைத்துவிட்டால் வேலை மிச்சம். ஆனால் அந்தப் பெண் திரையில் செத்துப்போய்விடுவாள். அதனால் அதே ஓவியத்தை மூன்று முறை நகலெடுத்து மாற்றி மாற்றி ஓட்டுவோம். கோடுகள் மெல்ல நடுங்கும். நிற்கிறவள் மூச்சுவிடுவது போலிருக்கும். சும்மா நிற்பதும் வேலைதான் என்பதை என் விரல்கள் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

இவ்வளவு நேரத்துக்கு நான் எங்கே போவது? எங்கள் துறையின் ஆய்வகம் இரவு முழுக்கத் திறந்திருக்கும். பெண்கள் விடுதியின் கதவு மாலை 7 மணிக்கு மூடிவிடும். ஆண்கள் விடுதிக்கு அப்படியொரு நேரம் இல்லை. விடுதி அறையில் இரண்டு செங்கல், மேலே ஒரு கண்ணாடி, அடியில் எல்இடி பல்பு என்று நானே லைட் பாக்ஸ் செய்துகொண்டேன். வரைய முடிந்தது. ஆனால் வரைந்தது அசைகிறதா என்று பார்க்கும் பென்சில் டெஸ்ட்டுக்குக் கேமராவும் ஸ்கேனரும் ஆய்வகத்தில்தான் இருந்தன. வகுப்பு ஆண்கள் நள்ளிரவில் வரைந்து, அப்போதே ஓட்டிப் பார்த்து, திருத்திவிட்டுத் தூங்கப் போனார்கள். நாங்கள் இரவெல்லாம் கண்ணைக் கட்டிக்கொண்டதுபோல் வரைந்து, காலையில் ஸ்கேனர் முன்னால் வரிசையில் நின்றோம்.

வகுப்பிலிருந்த பெண்கள் ஐந்து பேரும் ஒரு மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இரவு 7 முதல் 12 வரை ஐந்து மணி நேரம். படத்துக்கு ஒதுக்கிய 90 நாட்களுக்கு 450 மணி நேரம். மணிக்கு ஆறு ஓவியம் என்றால் 2,700. என் முழுப் படத்தைவிட அதிகம்! எங்கள் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு படத்துக்கான நேரத்தை அந்தக் கதவு வாங்கிக்கொள்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி, துறைத் தலைவரிடம் கொடுத்தோம். “உங்க பாதுகாப்புக்காகத்தானேம்மா” என்றார். 2015-இல் டெல்லியில் கல்லூரிப் பெண்கள் ‘பிஞ்ச்ரா தோட்’, அதாவது ‘கூண்டை உடை’, என்று சொல்லி விடுதிக் கதவு நேரத்துக்கு எதிராகத் தெருவில் இறங்கியதைப் படித்திருந்தோம். எங்களிடம் ஐந்து பேரும் ஒரு தாளும்தான் இருந்தன. மூன்று முறை போய் நின்றோம். கடைசியில் 9 மணி வரை அனுமதி கிடைத்தது. பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும், வீட்டிலிருந்து அப்பாவின் ஒப்புதல் கடிதமும் வேண்டும்.

என் அப்பா சவுதியில் வேலையில் இருந்தார். அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். “ராத்திரியில அங்க என்னடி வேலை?” என்றார் முதலில். குடத்தோடு நடக்கிற பெண்ணைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “அதை வரையறதுக்கா இவ்வளவு நேரம்?” என்றவர், மறுநாளே கடிதத்தில் தன் பெயரில் கையெழுத்திட்டு அனுப்பினார். அப்பா கையெழுத்துதான் வேண்டும் என்று அலுவலகம் திருப்பியது. அம்மா நேரில் வந்தார். “அவர் அங்க இருக்காரு, இவளை வளர்க்கிறது நான்” என்று மேசைக்கு முன்னால் நின்று சொன்னார். வாங்கிக்கொண்டார்கள்.

நேரமும் இடமும் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் சாட்சி. கறுப்பு அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, நிழலுருவங்களைச் சட்டகம் சட்டகமாக நகர்த்தி, 1923 முதல் 1926 வரை ‘இளவரசர் அக்மதின் சாகசங்கள்’ படத்தை உருவாக்கினார். இன்று நமக்குக் கிடைக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது அதுதான். வங்கியாளர் ஒருவர் பணமும் வேலை செய்ய ஓர் இடமும் கொடுத்திருந்தார்.

கிடைக்காதவர்களின் கதையும் உண்டு. 1937-இல் வெளியான டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ படத்தில் ஆண்கள் வரைந்த கோடுகளை செல்லுலாய்டு தாள்களில் மையால் நகலெடுத்து வண்ணம் தீட்டியது பெண்கள் நிறைந்த ஒரு துறை. அடுத்த ஆண்டு வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு, படைப்பு வேலை ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்கு மையும் வண்ணமும்தான் என்று அந்நிறுவனம் பதில் எழுதியது. அங்கே அனிமேட்டர் என்று திரையில் பெயர் வந்த முதல் பெண் ரெட்டா ஸ்காட். 1942-இல் வந்த ‘பேம்பி’ படத்தில் வெறிகொண்டு துரத்தும் வேட்டை நாய்களை வரைந்தவர். நம் நாட்டில் கீதாஞ்சலி ராவ் தனியாகவே வரைந்த ‘பிரின்டட் ரெயின்போ’ 2006-இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டு விருதுகள் பெற்றது. தனிமையில் வாழும் ஒரு முதியவளும் அவள் பூனையும்தான் அதன் கதை.

இதையெல்லாம் படித்துவிட்டு எங்கள் துறையைப் பார்த்தால் பழைய ஏற்பாடு அப்படியே இருந்தது. மூத்த மாணவர்களின் படங்களுக்கு ஜூனியர் பெண்கள் வண்ணம் தீட்டுவார்கள். அவர்களின் பெயர்கள் கடைசியில் ‘நன்றி’ என்ற தலைப்பின் கீழ் சிறிய எழுத்தில் ஓடும். என் படத்துக்கு மூன்று ஜூனியர் பெண்கள் வண்ணம் கொடுத்தார்கள். அவர்கள் பெயரும் என் பெயரும் ஒரே அட்டையில், ஒரே அளவு எழுத்தில் வந்தன. அதற்கு அடுத்த அட்டையில் ‘நடை’ என்று போட்டு மெஸ் அக்காவின் முழுப் பெயர்.

டிசம்பரில் தேர்வுக்குழு படத்தைப் பார்த்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், “வரைஞ்சது நல்லாருக்கு. ஆனா நாற்பது செகண்ட் ஒரே நடை. பாதியா வெட்டிடலாமே?” என்றார். அந்தத் தெருவில் லாரி நிற்கும் இடத்திலிருந்து வீட்டுக்கு நான்கு நிமிடம் ஆகிறது, அதை ஏற்கெனவே நாற்பது நொடியாகக் குறைத்துவிட்டேன் என்றேன். ‘டைமிங்’ என்ற தலைப்பில் மதிப்பெண் குறைந்தது. நடையை வெட்டவில்லை.

மடிக்கணினியில் படத்தைப் பார்த்த மெஸ் அக்கா, “வீட்டுக்குப் போனதும் முடிச்சுட்டியே. ரெண்டாவது குடத்துக்குத் திரும்பி வரணுமே அவ?” என்று கேட்டார். இன்னும் இருநூறு மணி நேரம் கிடைத்தால் வரைகிறேன் என்றேன். சிரித்தார்.

படம் எடுக்கப்போகும் மாணவிகள் என்னிடம் மென்பொருள் எது நல்லது என்று கேட்கிறார்கள். அதையும் சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் படத்துக்கு எத்தனை மணி நேரம் வேண்டும், உங்கள் கையில் எத்தனை இருக்கிறது, மீதியை யார் வைத்திருக்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள் என்கிறேன். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். நாங்கள் ஐந்து பேர் கேட்டு இரண்டு மணி நேரம் வாங்கினோம். மிச்சம் அங்கேயே இருக்கிறது.