கடல்மேல் ஒரு வாடகை வீடு

மாரியோ சால்செடோவுக்குக் கரையில் இறங்கினால்தான் தரை ஆடுகிறது. கப்பல் ஆடுவது அவருக்குத் தெரிவதே இல்லை. இருபது வருடங்களுக்கு மேல் தண்ணீர்மேல் வாழ்ந்தால் அப்படித்தான் ஆகுமாம்.

கியூபாவில் பிறந்தவர், அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனத்தில் நிதிப் பொறுப்பில் இருந்தவர். 1997-ல், 47 வயதில், ராஜினாமா கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். முதலில் சில வருடங்கள் பல கம்பெனிகளின் கப்பல்களில் மாறி மாறிப் போய்ப் பார்த்தார். அப்புறம் ராயல் கரீபியன் ஒன்றே போதும் என்று முடிவு கட்டிவிட்டார். நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை, அதன்மேல் "சூப்பர் மாரியோவின் ஆபீஸ்" என்று ஒரு போர்டு. தினமும் சில மணி நேரம் லேப்டாப்பில் மற்றவர்களின் முதலீடுகளைக் கவனிப்பார். அந்த வருமானத்தில்தான் இந்த வாழ்க்கை. 2018-ல் அவரைப் பற்றி ஒரு குறும்படமே வந்தது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் "உலகிலேயே சந்தோஷமான மனிதர்".

இப்படிப்பட்டவரிடம் எல்லோரும் கேட்க நினைக்கும் கேள்வி ஒன்றுதான். எந்தக் கம்பெனி கப்பல் நல்லது?

விளம்பரத்தைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. எல்லா விளம்பரத்திலும் அதே நீலக் கடல், அதே சிரிக்கும் தம்பதி. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும்.

பெயர் பல, முதலாளி சிலர்

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கடலில் ஓடும் பெயர்களில் பாதிக்கு மேல் ஒன்றுக்கொன்று சொந்தம். கார்னிவல், பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, குனார்ட், கோஸ்டா, சீபோர்ன் எல்லாம் கார்னிவல் கார்ப்பரேஷன் என்ற ஒரே குடும்பம். ராயல் கரீபியன் குழுமத்தில் செலிபிரிட்டியும் சில்வர்சீயும் உண்டு. நார்வீஜியன் குழுமத்தில் ஓஷியானியாவும் ரீஜென்டும் உண்டு. ஒரே முதலாளி அதே தெருவில் டீக்கடையும் மெஸ்ஸும் நட்சத்திர ஹோட்டலும் நடத்துவது மாதிரி. வாடிக்கையாளர் எங்கே போனாலும் கல்லா ஒன்றுதான்.

ஆனால் குணம் வேறு வேறு. கார்னிவல் 1972-ல் ஒரே ஒரு பழைய கப்பலோடு தொடங்கியது. அந்த 'மார்டி கிரா' முதல் பயணத்திலேயே மயாமி வாசலில் மணல்திட்டில் சிக்கிக்கொண்டது! இன்றும் அது பந்தா இல்லாத, கலகலப்பான, குடும்பம் குட்டியோடு போகிற கப்பல். குனார்ட் 1840-லிருந்து இருக்கிறது. அங்கே கோட்டு சூட்டு போடும் இரவுகள் உண்டு, மாலையில் வெள்ளைக் கையுறையோடு தேநீர் பரிமாறுவார்கள். எந்த அறை எடுத்திருக்கிறீர்களோ அதைப் பொறுத்துத்தான் எந்தச் சாப்பாட்டுக் கூடம் என்பதும். 1873-ல் பிறந்த ஹாலந்து அமெரிக்கா கொஞ்சம் வயதானவர்களின் கப்பல். அமைதி, பாட்டு, நீளமான பயணங்கள். நார்வீஜியன் 2000-ல் "எப்போது வேண்டுமானாலும், யாரோடு வேண்டுமானாலும் சாப்பிடுங்கள்" என்று பழைய முறையை மாற்றியது. அதற்கு முன்னால் தினமும் அதே நேரம், அதே மேசை, அதே ஆட்கள் என்பதுதான் வழக்கம்.

இடம் எவ்வளவு, விலை எவ்வளவு

பழம் தின்று கொட்டை போட்ட பயணிகள் பார்க்கும் ஒரு எண் உண்டு. கப்பலின் மொத்த டன்னை பயணிகள் எண்ணிக்கையால் வகுப்பது. இங்கே டன் என்பது எடை இல்லை, கப்பலுக்குள் இருக்கும் இடத்தின் அளவு. 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' சுமார் 2,48,600 டன். அறைக்கு இரண்டு பேர் என்று வைத்தால் 5,610 பயணிகள். வகுத்தால் 44 வருகிறது. 'கிரிஸ்டல் செரினிட்டி' சுமார் 68,800 டன்தான், ஆனால் பயணிகள் 740 பேர். வகுத்தால் 93. சின்னக் கப்பலில்தான் ஆளுக்கு இரண்டு மடங்கு இடம்!

ஒப்பிட்டுப் பார்க்க நமக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய 'எம்ப்ரஸ்' நினைவிருக்கிறதா? அதுவும் 1990-லிருந்து ராயல் கரீபியனிடம் பல வருடங்கள் ஓடிய கப்பல்தான். அதன் அளவு சுமார் 48,000 டன். துறைமுகத்தில் அதை அண்ணாந்து பார்த்தவர்கள், அதைப் போல ஐந்து மடங்கை மனதில் கற்பனை செய்துகொள்ளலாம். அதுதான் ஐகான்.

அதற்காக ஐகான் மோசம் என்று அர்த்தமில்லை. ஏழு நீச்சல் குளம், ஆறு நீர்ச்சறுக்கு என்று கேட்ட பத்து வயதுப் பையனிடம் போய் 44, 93 என்று சொல்லிப் பாருங்கள் :)

அடுத்தது விலை. டிக்கெட் விலை என்பது பாதிக் கதைதான். பெரிய நிறுவனங்களின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு டிக்கெட்டிலிருந்து வருகிறது. மீதி, கப்பல் ஏறிய பிறகு வாங்குவது: மதுபானம், வைஃபை, சூதாட்டம், கரைச் சுற்றுலா. இது போக டிப்ஸ் என்று ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை தானாகவே கணக்கில் ஏறிவிடும். சொகுசுக் கம்பெனிகள் இவற்றில் பெரும்பாலானவற்றை டிக்கெட்டிலேயே சேர்த்துவிடுகின்றன. அதனால் டிக்கெட்டோடு டிக்கெட்டை ஒப்பிடுவது தப்பு, இறங்கும்போது வரும் மொத்த பில்லோடு மொத்த பில்லைத்தான் ஒப்பிட வேண்டும்.

தனியாகப் போகிறவர்களுக்கு இன்னொரு அடி. அறை விலை இரண்டு பேருக்கு என்று போட்டிருப்பதால், ஒருவரே போனாலும் பல நேரம் இரட்டை விலை. 2010-ல் 'நார்வீஜியன் எபிக்' ஒற்றை ஆளுக்கென்று சின்ன அறைகள் கட்டியபோது அது பெரிய செய்தியாக இருந்தது. கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் உண்டு. கப்பல் கிளம்பிய பிறகு காலி அறையை யாருக்கும் விற்க முடியாது. மார்க்கெட்டில் சாயங்காலம் மிஞ்சிய கீரை மாதிரி. கடைசி நேரத்தில் விலை இறங்குவதும் அதனால்தான்.

உள்ளே ஒரு நாள்

புதிதாகப் போகிறவர் பால்கனி இருக்கிறதா என்று கேட்பார். பழையவர் கப்பலின் வரைபடத்தை எடுத்துத் தன் அறைக்கு மேலே என்ன, கீழே என்ன என்று பார்ப்பார். நீச்சல் குளத்துக்குக் கீழே அறை எடுத்தால் விடிகாலையில் நாற்காலி இழுக்கும் சத்தம். நாடக அரங்குக்கு மேலே எடுத்தால் நள்ளிரவு வரை டிரம்ஸ். குமட்டல் வருகிறவர்களுக்குக் கீழ்த்தளத்தில் நடுப்பகுதிதான் நல்லது. கப்பல் தராசு மாதிரி ஆடும், நடுவில் ஆட்டம் குறைவு. அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு, ஆகவே நாலு காந்தம் எடுத்துப் போனால் காகிதம், தொப்பி எல்லாம் மாட்டலாம். கப்பல் கிளம்பும் ஊருக்கு ஒரு நாள் முன்னாலேயே போய்விடுவார்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

இன்னொன்று, பாதுகாப்புப் பயிற்சி. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பலருக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு எல்லா இடத்திலும் கப்பல் கிளம்புவதற்கு முன்பே நடத்துகிறார்கள். அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதவர் யார் என்று பார்த்தால் அவர் பழைய பயணியாக இருப்பார்.

கரையே தொடாத நாட்களைத்தான் பழையவர்கள் அதிகம் விரும்புகிறார்கள். காலையில் தளத்தைச் சுற்றி நடை, மதியம் புத்தகம், சாயங்காலம் தேநீர், இரவு நடனம். குனார்டின் 'குயீன் மேரி 2' சவுத்ஹாம்டனிலிருந்து நியூயார்க் போக ஏழு இரவு எடுத்துக்கொள்கிறது. மேற்கே போவதால் பல இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். நாளுக்கு 25 மணி நேரம்! யாருக்குத்தான் கசக்கும்?

நடனத்துக்காகக் கப்பல் மாறிய பாட்டி

இனி லீ வாக்ஸ்டெட்டர். கப்பல் ஊழியர்கள் அவரை அழைத்தது 'மாமா லீ' என்று. நம் ஊர் மாமா இல்லை, அங்கே அம்மா. ஃபுளோரிடாவைச் சேர்ந்தவர், மூன்று பிள்ளைகளின் தாய். கணவர் மேசனோடு 50 வருடத் திருமண வாழ்க்கையில் 89 கப்பல் பயணங்கள் போனவர். 1997-ல் மேசன் புற்றுநோயில் இறந்தார். இறப்பதற்கு முந்தின நாள் மனைவியிடம் சொன்னது, கப்பல் பயணத்தை மட்டும் நிறுத்திவிடாதே என்பதுதானாம். பிறகு ஐந்து படுக்கையறை வீட்டை விற்றுவிட்டு அவர் கப்பலுக்கே குடிபோனார்.

முதலில் ஹாலந்து அமெரிக்காவின் 'பிரின்சன்டாம்'. மூன்று வருடம் அங்கே இருந்தார். தனியாக வரும் பெண்களோடு நடனமாடுவதற்கென்று அந்தக் காலக் கப்பல்களில் ஆண்களை அமர்த்தியிருப்பார்கள். அந்த ஏற்பாட்டை அந்தக் கம்பெனி நிறுத்தியது. மாமா லீ பெட்டியைக் கட்டிவிட்டார். நேரே 'கிரிஸ்டல் செரினிட்டி'. 2015-ல் பத்திரிகைகளில் வந்த கணக்குப்படி அதில் வருடத்துக்குச் சுமார் 1,64,000 டாலர் செலவு. துறைமுகம் வந்தால்கூட அதிகம் இறங்கமாட்டார். எல்லோரும் ஊர் பார்க்கப் போன பிறகு காலியான கப்பலில் உட்கார்ந்து ஊசி நூலால் பூவேலை செய்வார். முடித்ததை ஊழியர்களுக்கே கொடுத்துவிடுவார்.

டன், அறை, நீச்சல் குளம் எதுவும் அவர் கணக்கில் இல்லை. சாயங்காலம் ஒரு நடனம் உண்டா இல்லையா, அவ்வளவுதான். ஐம்பது வருடம் கணவரோடு வாழ்ந்த ஒருவருக்கு அந்த ஒரு மணி நேரம் என்னவாக இருந்திருக்கும் என்று எந்த விலைப்பட்டியலும் சொல்லாது.

வீட்டுக்காரர் யார்?

ஆனால் இந்தக் கதையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பீட்ரிஸ் முல்லர் என்ற அமெரிக்கப் பெண்மணி, கணவர் இறந்த பிறகு 2000-லிருந்து குனார்டின் 'குயீன் எலிசபெத் 2' கப்பலிலேயே வாழ்ந்தார். கப்பல் அவருக்கு வீடு, கம்பெனிக்கு அது ஒரு சொத்து. அதைத் துபாய்க்கு விற்று, 2008 நவம்பரில் ஒப்படைத்துவிட்டார்கள். இன்று அது அங்கே கரையில் கட்டிய ஹோட்டல். எட்டு வருடக் குடியிருப்பு அதோடு முடிந்தது.

கிரிஸ்டலுக்கும் அதுதான் நடந்தது. தாய் நிறுவனம் நொடித்ததால் 2022 ஜனவரியில் நின்றுபோனது. வேறு முதலாளி வாங்கி, 2023-ல்தான் 'செரினிட்டி' மறுபடி கிளம்பியது. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது மாரியோவும் இறங்கித்தான் ஆக வேண்டியிருந்தது. ஒரு வருடத்துக்கும் மேல் ஆடுகிற தரையில் காத்திருந்தார். இன்னொரு கூட்டம் இதைவிடப் பாவம். மூன்று வருட உலகப் பயணம் என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒரு திட்டம் 2023 நவம்பரில் ரத்தானது, காரணம் அமைப்பாளர்களால் கப்பலையே வாங்க முடியவில்லை. அதை நம்பிச் சிலர் வீட்டை விற்றிருந்தார்கள், சிலர் வாடகைக்கு விட்டிருந்தார்கள்.

ஆயிரம் முறை போனாலும் பயணி பயணிதான். ராயல் கரீபியனில் 700 புள்ளி சேர்த்தால் உச்சப் பட்டம் உண்டு, மரியாதை உண்டு, சலுகை உண்டு. ஒரு சதுர அடி சொந்தம் கிடையாது. கணக்குப் பாடத்தில் சொல்வதுபோல, வாடகை என்பது செலவுப் பக்கத்தில் போகும், சொத்துப் பக்கத்தில் எதுவும் ஏறாது.

அப்படியானால் இவர்கள் ஏமாந்தவர்களா? அப்படியும் சொல்ல முடியாது. மாமா லீயின் கப்பலில் ஊழியர்கள் ஒப்பந்தத்துக்கு வருகிறவர்கள். பொதுவாக ஆறிலிருந்து ஒன்பது மாதம் வேலை, பிறகு ஊருக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். கேப்டன்களும் மாறுவார்கள். அவர் மட்டும் மாறாமல் அங்கேயே இருந்தார். திரும்பி வருகிறவர்களை வரவேற்க அந்தக் கப்பலில் ஒரு அம்மா இருந்தார். அவர் கொடுத்த பூவேலைகள் எந்தெந்த நாட்டில், எந்தெந்தச் சுவரில் தொங்குகின்றனவோ. கப்பல் கை மாறினாலும் அவை அந்த வீடுகளில் இருக்கும்.

ஆகவே எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்பதைவிட மாமா லீ தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி பரவாயில்லை என்று தோன்றுகிறது. எதை எடுத்துவிட்டால் இந்தக் கப்பலைவிட்டு இறங்கிவிடுவீர்கள்? சிலருக்கு அது குழந்தைகளின் நீர்ச்சறுக்கு, சிலருக்கு அமைதி, சிலருக்கு ஒரு மேசையும் போர்டும். பதில் தெரிந்தால் டிக்கெட் எடுங்கள். வீட்டை மட்டும் விற்றுவிடாதீர்கள்.