தூங்கும் கார்

நம் ஊரில் மோட்டார் கார் வைத்திருப்பவர்களுக்கு மழைக்காலத்தைப் பற்றிக் கவலை உண்டு. குளிர்காலத்தைப் பற்றிக் கிடையாது. மார்கழி விடியற்காலையில் கார் இரண்டு தரம் இருமினால் ஜலதோஷம் என்று வேடிக்கையாகச் சொல்வோம். கனடாவிலுள்ள வின்னிபெக் நகரில் அது வேடிக்கை இல்லை. ஜனவரி மாதத்தில் அங்கே மைனஸ் 30 டிகிரிக்குக் கீழேகூடக் குளிர் இறங்கும். கார்களின் முகத்திலிருந்து மூக்கணாங்கயிறு மாதிரி ஒரு மின்சாரக் கம்பி தொங்கும். எஞ்சினோடு பொருத்திய ஹீட்டருக்கு அது. இரவில் அதற்குச் சூடு காட்டினால்தான் காலையில் எஞ்சின் கண் விழிக்கும்.

அங்கே பலர் தங்கள் அருமைக் காரைக் குளிர்காலத்தில் வெளியே எடுப்பதே இல்லை. பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். உப்பு இரும்பைத் தின்றுவிடும். ஆகையால் அக்டோபரில் ஷெட்டில் வைத்துப் பூட்டினால் ஏப்ரலில்தான் திறப்பது.

என் அக்காள் வீட்டிலும் அப்படி ஒரு கார் இருக்கிறது. அத்திம்பேர் ஆசையாக வாங்கித் தம் கையாலேயே துடைத்துப் பராமரித்த கார். அவர் காலமான பிறகு அதை விற்க அக்காளுக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போவாள். ஐந்து நிமிஷம் எஞ்சினை ஓட விட்டுத் திரும்புவாள். குளிருக்குப் பயந்து ஷெட்டுக் கதவை ஒரு முழந்தான் தூக்கி வைப்பாள்.

ஒரு ஜனவரியில் அங்கே போயிருந்தபோது இதைக் கண்டு எனக்குத் திக்கென்றது. கார்ப் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு இருக்கிறது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை வலிக்கிறதே என்று நினைப்பதற்குள் ஆளை மயக்கிவிடும். கதவை முழுக்கத் திறந்து வைத்தாலும் ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடுவது ஆபத்துதான்.

காருக்காவது இதனால் நன்மை உண்டா என்றால், அதுவும் இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடும் காரில் அது ஆவியாகப் போய்விடும். ஐந்து நிமிஷத்தில் எண்ணெய்கூடச் சூடாகாது. தண்ணீர் புகைக் குழாயிலும் எண்ணெயிலும் தங்கித் துருவுக்கு விதை போடும். பாட்டரியோ குளிரில் வலுவிழந்து நிற்கிறது. ஸ்டார்ட் செய்வதற்காகக் கொடுத்ததை அந்த ஐந்து நிமிஷத்தில் அது திரும்பப் பெறுவதில்லை. நன்றாகச் சார்ஜ் ஏறிய பாட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. காலியான பாட்டரி மைனஸ் 10 டிகிரி வருமுன்பே உறைந்து வெடிப்பு விட்டுவிடும்.

இதையெல்லாம் அக்காளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அத்திம்பேர் இருந்தப்போ என்ன பண்ணுவார்?" என்று கேட்டேன்.

"பாட்டரிக்கு ஏதோ கம்பி மாட்டி வைப்பார். அப்புறம் ஏப்ரல் வரைக்கும் தொடவே மாட்டார்."

"பின்னே நீ மட்டும் ஏன் அக்கா..."

"நான் வண்டிக்காகவாடா பண்றேன்? அந்தச் சத்தம் கேட்டா, அவர் ஆபீஸிலேருந்து வந்துட்டாப்பலே இருக்கு."

அதற்கு மேல் கார்பன் மோனாக்ஸைடைப் பற்றி எப்படிப் பேசுவது? நான் பேசவில்லை. அன்று மாலை அவளே ஷெட்டுப் பரணிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். பாட்டரிக்குத் துளித் துளியாக மின்சாரம் ஊட்டி, நிறைந்ததும் தானே அடங்கிவிடும் சார்ஜர் அது. இரண்டு பேருமாக அதைப் பொருத்தினோம். பச்சை விளக்கு எரிந்தது.

அடுத்த அக்டோபரில் எல்லாம் முறைப்படி நடந்தது. அக்காள் எஞ்சின் எண்ணெயை மாற்றச் செய்தாள். டாங்கி நிறையப் பெட்ரோல் போட்டு, அது கெடாமலிருக்க மருந்து கலந்து, எங்கும் பரவுவதற்காகக் கொஞ்ச தூரம் ஓட்டினாள். டயர்களில் காற்றைச் சற்றுக் கூட்டினாள். பிரேக் ஒட்டிக்கொள்ளாதிருக்கக் கைப்பிரேக்கைத் தளர்த்திவிட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைத்தாள். எலி புகாதபடி புகைக் குழாயை அடைத்து, "ஸ்டார்ட் செய்யுமுன் எடுக்கவும்" என்று எழுதி ஸ்டீயரிங்கில் கட்டித் தொங்கவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் அவள் ஷெட்டுக்குப் போகிறாள். பக்கத்து ஆசனத்தில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். சாவியை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுகிறாள்.

ஏப்ரல் கடைசியில், மழை சாலையின் உப்பைக் கழுவிய பிறகு, டெலிபோன் செய்தாள்.

"முதல் தரத்திலேயே கிளம்பிடுத்துடா! உடனே வெளியிலே எடுத்துண்டு வந்துட்டேன். ஒரு மணி நேரம் ஓட்டினேன்."

"சத்தம் எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"அதேதான்" என்றாள்.