குளிர்ச்சட்டை வாங்கிய கதை

மலர்க்குழு நண்பர்கள் "ஏதாவது உருப்படியா எழுதிக் குடுடா" என்று கேட்டார்கள். எனக்குக் கவிதை வராது. காதலைப் பற்றி எழுத அனுபவம் இல்லை. நாட்டு முன்னேற்றத்தில் இளைஞர் பங்கு பற்றி ஏற்கெனவே மூன்று பேர் எழுதிக் கொடுத்துவிட்டதாகக் கேள்வி. ஆகவே நான் ஒரு சட்டை வாங்கிய கதையை எழுதுகிறேன். குளிருக்குப் போடுகிற 'ஃபிளீஸ்' சட்டை. எங்கள் ஊர் பனியன் கம்பெனிகளில் அதை 'பிளீஸ்' என்றுதான் சொல்வார்கள். கெஞ்சுவதற்கும் துணிக்கும் ஒரே உச்சரிப்பு!

திருப்பூர்க்காரன், அதிலும் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கிறவன், ஒரு துணி விஷயத்தில் ஏமாந்து மலை உச்சியில் பல் கிட்டி நின்ற கதை இது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் விடுதியில் வருஷா வருஷம் ஒரு கூட்டம் வெள்ளியங்கிரி கிளம்புகிறது. அவர்களுக்காவது உதவும்.

2024 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை ராத்திரி நாங்கள் ஐந்து பேர் பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ஏற ஆரம்பித்தோம். ஏழு மலை. கீழே இருந்து உச்சி வரை ஓராயிரம் மீட்டருக்கு மேல் உயரம் ஏற வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அதனால் நான் முன்யோசனையாக அந்த வாரமே காதர்பேட்டை போய் ஒரு தொப்பி வைத்த 'ஃபிளீஸ்' வாங்கி வைத்திருந்தேன். எக்ஸ்போர்ட் மிச்சம். 220 ரூபாய். "ஏனுங் தம்பி, அசல் பிளீஸ்தானுங்க, உள்ள தொட்டுப் பாருங்க, பூனைக்குட்டி மாதிரி இருக்கும்" என்றார் கடைக்காரர். தொட்டுப் பார்த்தேன். பூனைக்குட்டி மாதிரியேதான் இருந்தது.

அதைப் போட்டுக்கொண்டே ஏறினேன். முதல் தப்பு அதுதான். முதல் மலைப் படிக்கட்டிலேயே வேர்த்துக் கொட்டியது. கழற்றி இடுப்பில் கட்டியிருக்கலாம். புதுச்சட்டை ஆசை, கழற்றவில்லை. ஆறாவது மலையில் ஆண்டி சுனைக்கு வரும்போது சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் போல இருந்தது. ஏழாவது மலையில் மரம் இல்லை, மறைவு இல்லை, காற்று ஒன்றுதான். வரிசையில் நின்றோம். ஐந்து நிமிஷத்தில் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. பத்து நிமிஷத்தில் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. நண்பன் ஏதோ கேட்டான். நான் சொன்ன பதில் எனக்கே குழறலாகக் கேட்டது. "டேய், விளையாடாத" என்றான் அவன். நான் விளையாடவில்லை.

பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும், என் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, இந்த ஈரத்தையா போட்டுக்கிட்டு நிக்கறே? கழட்டு மொதல்ல" என்று அதட்டினார். இந்தக் குளிரில் சட்டையைக் கழற்றச் சொல்கிறாரே என்று நினைத்தேன். அவரே உருவி எடுத்துவிட்டு, தன் பையில் இருந்து காய்ந்த துண்டு ஒன்றையும் பழைய சால்வையையும் எடுத்துச் சுற்றிவிட்டார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. 220 ரூபாய்ச் சட்டை எனக்குச் செய்யாததை ஒரு காய்ந்த துண்டு செய்தது. அவர் பேரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சட்டையைக் காட்டினேன். மலையில் நடந்ததை முழுசாகச் சொல்லவில்லை. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். சட்டையை உள்புறம் வெளிப்புறம் திருப்பி, கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, "இது காட்டன் கண்ணு. த்ரீ திரெட் பிளீஸ். ரைசிங் போட்டிருக்காங்க, அதான் மெத்துனு இருக்கு. இதைப் போட்டுக்கிட்டா மலையேறுனே?" என்றார். மூன்று விநாடிதான் ஆகியிருக்கும். நான் நான்கு செமஸ்டர் படித்திருந்தேன்.

விஷயம் இதுதான். ஃபிளீஸ் என்ற ஒரே பேரில் இரண்டு துணி உலவுகிறது. எங்கள் ஊர் ஃபிளீஸ் பருத்தி, அல்லது பருத்தியும் பாலியஸ்டரும் கலந்தது. முகத்துக்கு ஒரு நூல், கட்டுக்கு ஒரு நூல், பின்பக்கம் வளையத்துக்கு ஒரு நூல் என்று பின்னி, அந்த வளையங்களைக் கம்பிப் பற்கள் வைத்த உருளையில் விட்டுச் சுரண்டி மெத்தென்று ஆக்குவார்கள். அதுதான் ரைசிங். வெளியே வழவழ, உள்ளே பூனைக்குட்டி. மலைக்காரர்கள் சொல்லும் ஃபிளீஸ் வேறு. அது 'போலார் ஃபிளீஸ்'. முழுக்கப் பாலியஸ்டர். பெரும்பாலும் இரண்டு பக்கமும் சுரண்டி, மேல் மயிரைச் சமமாகக் கத்தரித்திருப்பார்கள். இரண்டு பக்கமும் ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கும். கடைக்காரர் என்னை ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. நான் கேட்டது ஃபிளீஸ், அவர் கொடுத்ததும் ஃபிளீஸ்.

நூலும் நீரும் பற்றி ஒரு பாடம் நமக்கு உண்டு, ஜவுளிப் பிரிவு நண்பர்களுக்கு நினைவிருக்கும். சாதாரணக் காற்றில் இருந்தே பருத்தி தன் எடையில் 8.5 சதவீதம் ஈரம் இழுத்துக்கொள்ளும். பாலியஸ்டர் வெறும் 0.4 சதவீதம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன், இரண்டு மார்க்கும் வாங்கினேன். என் முதுகுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று தோன்றவே இல்லை. வேர்வையில் நனைந்துவிட்டால் வித்தியாசம் இன்னும் மோசம். குளிர்ச்சட்டை என்பது சூடு உண்டாக்குகிற சாமான் இல்லை. இழைகளுக்கு நடுவே அசையாத காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிற கூடை, அவ்வளவுதான். அந்தக் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால், தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திக் கொண்டுபோய்விடும். அந்தப் பெரியவர் அதை 'கழட்டு மொதல்ல' என்று இரண்டே வார்த்தையில் சொன்னார்.

அம்மா கம்பெனியில் அப்போது ஒரு ஆர்டருக்குப் போலார் ஃபிளீஸ் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டு வாங்கி, கட்டிங் வேஸ்ட்டில் கையகலத் துண்டுகள் கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தார். என் பழைய சட்டையின் முதுகையும் அந்தத் துண்டையும் ஆய்வகத்துக்கு எடுத்துப்போனேன். ஜி.எஸ்.எம். கட்டர் நமக்குத் தெரியும். 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டும், கிராமில் வரும் எடையை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் எடை. பழைய சட்டை 290. போலார் ஃபிளீஸ் 200-க்குக் கொஞ்சம் கீழே. எடை குறைந்ததுதான் தடிமனாக இருந்தது! இரண்டையும் நனைத்து, ஒரே மாதிரி பிழிந்து, ஃபேனுக்குக் கீழே தொங்கவிட்டேன். லேப் முடிவதற்குள் போலார் துண்டு காய்ந்துவிட்டது. பருத்தித் துண்டை மறுநாள் வந்துதான் எடுத்தேன். புதுச் சட்டையை வெட்டுகிறானே என்று லேப் சார் என்னைப் பார்த்த பார்வை வேறு.

நூலகத்தில் புரட்டியபோது இந்தத் துணியின் பூர்வீகமும் கிடைத்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம், லாரன்ஸ் நகரத்தில் மால்டன் மில்ஸ் என்ற ஆலை. 1979-ல் அவர்கள்தான் கம்பளியைப் போன்ற இந்தப் பாலியஸ்டர் துணியைக் கொண்டுவந்தார்கள். 1993-ல் பேட்டகோனியா கம்பெனி பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் இருந்து எடுத்த இழையில் இதே துணியைச் செய்து காட்டியது. 1995 டிசம்பர் 11-ந் தேதி இரவு மால்டன் மில்ஸ் பெரும் தீயில் எரிந்துபோனது. முதலாளி ஆரன் ஃபாயர்ஸ்டைனுக்கு அப்போது 70 வயது. இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொண்டு ஒதுங்கியிருக்கலாம். அவர் அதே ஊரில் ஆலையைத் திரும்பக் கட்டினார். வேலை இல்லாமல் கிடந்த தொழிலாளர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளமும் கொடுத்தார். பின்னால் கடன் ஏறி 2001-ல் கம்பெனி திவால் மனு கொடுத்தது என்பதும் உண்மை. இதை அம்மாவிடம் படித்துச் சொன்னேன். சனிக்கிழமை சம்பளத்தை நம்பி வாழ்கிற வீடு எங்களுடையது. ஆர்டர் இல்லாத வாரம் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். அம்மா ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த மொதலாளி பேரென்ன சொன்னே? இன்னொருக்கா சொல்லு" என்றார்.

அடுத்த வருஷம் மறுபடி மலைக்குப் போக முடிவானபோது, ஞாயிற்றுக்கிழமை ஹெல்பர் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் 500 ரூபாய் எடுத்து வைத்தேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு காதர்பேட்டை போனேன். வடக்கே லூதியானா பக்கம் இருந்து வந்த சரக்கு என்று ஒரு கடையில் போலார் ஃபிளீஸ் குவிந்து கிடந்தது. என் கை நேராகத் தடியாக இருந்ததற்குப் போனது. அம்மா தட்டிவிட்டார். "இதைப் போட்டுக்கிட்டு நம்மூரு பஸ்ஸுல ஏற முடியுமா? வருஷத்துல ஒரு நாள் மலைக்குப் போறதுக்கா வாங்கறே?"

அதுதான் நான் யோசிக்காத கேள்வி. இந்தத் துணியில் சதுர மீட்டருக்கு 100 கிராம், 200, 300 என்று தரம் பிரிப்பார்கள். 300 பனி விழுகிற ஊருக்கு. ஊட்டியில் ஜனவரி இரவு சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கு வேண்டுமானால் சரி. நடக்கிறவனுக்கு அது அடுப்பு. 100 நடக்கும்போதே போட்டுக்கொள்ளலாம், மார்கழிக் காலை பஸ்ஸுக்கும் போதும். ஆனால் உச்சியில் நிற்கும்போது பத்தாது. நான் எடுத்தது 200-க்குள் இருக்கும். இதை நடுச்சட்டை என்று நினைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே வேர்வையைத் தேக்காத ஒரு பாலியஸ்டர் டீ-சர்ட், நடுவில் ஃபிளீஸ், மேலே காற்றுக்கும் தூறலுக்கும் மெல்லிய விண்ட்சீட்டர் அல்லது மழைக்கோட்டு. மேல்சட்டை இல்லாத ஃபிளீஸ் காற்றில் சல்லடைதான். நம்பிக்கை இல்லாதவர்கள் துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மறுபக்கம் கையில் காற்று படும்.

தொப்பி வைத்தது வேண்டாம் என்று உயர்ந்த காலர் வைத்ததை எடுத்தேன். ஹெல்மெட் போடும்போது தொப்பி கழுத்துக்குப் பின்னால் மூட்டை. ஜிப் பாதி வரை இருப்பது இருபது ரூபாய் குறைவு, ஆனால் முழு ஜிப்தான் வேண்டும் என்று நின்றேன். வேர்க்கும்போது திறந்து விடலாம், கழற்ற வேண்டியதில்லை. அம்மா பார்த்தது எல்லாம் வேறு. தோள் தையலை இழுத்துப் பார்த்தார். அக்குளில் ஓவர்லாக் விட்டிருக்கிறதா என்று பார்த்தார். முழங்கைப் பக்கம் துணியைத் துணியோடு இருபது தடவை தேய்த்து, உருண்டை உருண்டையாகச் சிலும்பு வருகிறதா என்று பார்த்தார். முதல் சட்டையில் வந்தது, தூக்கிப் போட்டார். இரண்டாவதிலும் வந்தது. கடைக்காரர் முகம் மாறியது. மூன்றாவது தேறியது. ஓரத்தில் தொங்கிய ஒரு நூலைப் பிய்த்துக் கடைக்கு வெளியே போய்த் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். இது சுருண்டு, உருகி, கறுப்பு மணியாகக் கெட்டியானது. தையல் நூலைத்தான் கொளுத்தினாய், துணியை இல்லை என்று அம்மா சிரித்தார். அதுவும் சரிதான். சட்டைக்குள் மடிப்பில் இருந்து துணி இழையே ஒன்றை உருவி மறுபடி கொளுத்தினேன். மணிதான். 430 ரூபாய்.

இந்தச் சட்டைக்கும் குறை உண்டு. நெருப்புக்கு ஆகாது, ஒரு பொறி பட்டால் ஓட்டை. சூடான அயர்ன் பாக்ஸ் கிட்டேயே போகக்கூடாது. இன்னொரு விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் இதிலிருந்து கழன்று தண்ணீரோடு போகின்றன. எங்கள் வீட்டுச் சாக்கடை நொய்யலுக்குத்தான் போகிறது. நொய்யல் பிறப்பது அதே வெள்ளியங்கிரி மலைகளில். சாயக்கழிவால் அந்த ஆறு பட்ட பாடும், 2011-ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் இதை அடிக்கடி துவைப்பதில்லை. வெயிலில் காய வைத்து உதறுகிறேன். துவைத்தால் உள்பக்கம் திருப்பி, பச்சைத்தண்ணீரில், தேய்க்காமல். இது போதுமா என்றால் போதாது. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

2025 மார்ச்சில் ஏறினோம். ஆறாவது மலை வரை ஃபிளீஸ் பையிலேயே, பாலிதீன் கவரில் சுற்றிக் கிடந்தது. ஏழாவது மலை ஏறும் முன் வேர்வையைத் துடைத்துவிட்டு எடுத்துப் போட்டேன், மேலே விண்ட்சீட்டர். அதே காற்று, அதே வரிசை. தண்ணீர் பாட்டில் மூடியை வேண்டுமென்றே இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தேன். போன வருஷத்துப் பெரியவர் எங்கேயாவது தெரிகிறாரா என்று தேடினேன். காணவில்லை. ஆனால் பையில் ஒரு காய்ந்த துண்டு அதிகமாக வைத்திருந்தேன். இறங்கும்போது அதை ஒரு பையனுக்குக் கொடுக்க வேண்டி வந்தது. அவன் போட்டிருந்ததும் காதர்பேட்டைத் தொப்பிச் சட்டைதான்.

சட்டை இப்போது என்னிடம் இல்லை. மார்கழியில் அம்மாவுக்கு நைட் ஷிப்ட் வந்தது. முடிந்து திரும்பும்போது விடிகாலை நாலு மணி, கம்பெனி வேனில் ஜன்னல் மூடாது. "ஒரு நாளைக்குக் குடு கண்ணு" என்று வாங்கினார். திரும்பி வரவில்லை. மலைக்குப் போகிற அன்றைக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு.